அறுபத்திரண்டு தப்படி

கும்மிடிப்பூண்டியில் மதில் இல்லாத கம்பெனி கிடையாது. ஓட்டை இல்லாத மதிலும் கிடையாது. டீக்கடைக்குக் குறுக்கு வழி ஒன்று, வாட்ச்மேன் கண்ணில் படாமல் பீடி பிடிக்கப் போக இன்னொன்று என்று ஒவ்வொரு மதிலிலும் ஆள் நுழையும் அளவுக்கு எங்கேயாவது செங்கல் உதிர்ந்திருக்கும். உதிர்த்தவன் யார் என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். உதிர்ந்ததை அடைக்கிற ஆள் மட்டும் அந்தப் பேட்டை முழுக்க ஒருவர்தான். அவர் பெயர் ஜெயராஜ்.

கைக்காசில் சிமெண்ட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டிப்போன வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனிக்கும் பக்கத்து ரோலிங் மில்லுக்கும் நடுவில் இருந்த ஓட்டையை அவர் அடைத்தார். அடுத்த மாதமே மில்காரர்கள் கடப்பாரையால் இடித்தார்கள். மறுபடி அடைத்தார். மறுபடி இடித்தார்கள். மில்காரன் எவனாவது உன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டானா என்று அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஜெயராஜ் பதில் சொன்னதில்லை. சொன்னால் முழுதும் சொல்ல வேண்டியிருக்கும். முழுதும் சொன்னால் அது எப்படியும் ஒருநாள் பெத்திக்குப்பத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலுக்கு வந்து, மனைவி கிறிஸ்டினாவின் காதில் விழும். விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பன்னிரண்டு வருஷமாக அவருடைய இரண்டாவது உத்தியோகம்.

அந்த ஓட்டை சும்மா வந்ததில்லை. மில்லில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிறார்கள். சித்திரை மாதத்தில் உலை வாயில் நிற்கிறவன் வெந்துபோய் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வருவான். உடைந்த ஐஸைத் துண்டில் முடிந்து பிடரியில் வைத்துக்கொண்டு போவான். இந்தப் பக்கத்து ஆளுக்கு விரல் மரத்துப்போனால் அந்தப் பக்கம் போய் உலைக்கு எதிரே பத்து நிமிஷம் நின்று வருவான். இவனுக்கு நெருப்பு, அவனுக்குப் பனிக்கட்டி. இரண்டு முதலாளிகளும் சேர்ந்து யோசித்திருந்தாலும் இப்படி ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்காது. அதில் யாரும் ஒரு குறையும் காணவில்லை, பீட்டர் சாகிற வரைக்கும்.

பீட்டர் கிறிஸ்டினாவின் தம்பி. அவளுக்குப் பத்து வயதானபோது பிறந்தவன். அம்மா முத்தம்மா களையெடுக்கப் போய்விடுவாள், அப்பா இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். ஜெயராஜ்தான் அவனை ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். கிறிஸ்டினாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. அந்தத் தொட்டி மேல் நடக்கிற வேலை வேண்டாம், தையல் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று ஒரு வாரம் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீட்டர்தான் அக்காவைக் கொஞ்சிக் கெஞ்சி, ஒரு கிறிஸ்துமஸ் வரைக்கும் போய்ப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் நின்றுவிடுகிறேன் என்று சம்மதம் வாங்கினான்.

அவள் பயந்தது நியாயம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் அளவுக்கு ஒரு தொட்டி. அது நிறைய உப்புத் தண்ணீர். உப்பு இருப்பதால் அது உறையாது. உறையாமலே ஐஸைவிட அதிகமாகக் குளிர்ந்து கிடக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை வரிசை வரிசையாக அதில் இறக்கி வைத்தால் உள்ளே பாளம் பாளமாக ஐஸ் பிடிக்கும். தொட்டிக்கு மேலே மரப்பலகை மூடி. ஆட்கள் அந்தப் பலகைகளின் மேல்தான் நடமாடுவார்கள். ஒரு வரிசை டப்பாவைக் கிரேன் தூக்கும்போது அந்த இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் திறக்கும். ஆழம் மார்பளவுதான். மார்பளவுத் தண்ணீரில் எவன் சாவான் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருந்தது. பழவேற்காட்டுக்குப் போகிற லாரி அவசரப்படுத்தியதால் எல்லாரும் வெளியே பாளம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பீட்டர் மட்டும் குழாயைப் பிடித்து டப்பாக்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கால் வழுக்கியது. விழுந்த இடத்தில் அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் பாதம் சிக்கிக்கொண்டது. எத்தனை முறை கத்தினானோ தெரியாது. கம்ப்ரசர் ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. ஜெயராஜும் கிரேன் ஓட்டும் அரசப்பனும் உள்ளே வந்து பார்த்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இழுத்து மேலே போட்டார்கள். சட்டை விறைத்துப்போயிருந்தது, உதடு கறுத்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. "இப்ப குளிரல மாமா" என்றான். ஜெயராஜ் மாதாவுக்கு நன்றி சொன்னார். குளிர் விட்டுப்போனால் நல்லது என்றுதானே எவனும் நினைப்பான்? கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே நெருப்பு எரியும்போது ஆஸ்பத்திரி எதற்கு? ஒரு தோளில் ஜெயராஜ், மறு தோளில் அரசப்பன் என்று அவனை நிமிர்த்தி நடத்திக்கொண்டு போனார்கள். குடித்தவனைப் போலக் கால் பின்னியது. ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னால், "அக்காகிட்ட சொல்லாத மாமா. வேலைக்கு அனுப்பாது" என்றான். சொல்ல மாட்டேன் என்று ஜெயராஜ் சத்தியம் செய்தார். ஓட்டையில் குனிய வைத்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். உலையின் அனல் முகத்தில் அடித்ததும் பீட்டர் நீளமாக ஒரு மூச்சு விட்டான். முழங்கால் மடங்கியது. அப்புறம் அவனைத் தூக்கத்தான் முடிந்தது, எழுப்ப முடியவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். பையனை ஏன் மில்லுக்குள் கொண்டுபோனீர்கள் என்று போலீஸ் கேட்டால் இரண்டு கம்பெனிக்கும் பேஜார், தண்ணீரிலேயே போய்விட்டான் என்று சொல்லுங்கள் என்றார். அப்படியே சொன்னார்கள். வீட்டில் ஜெயராஜ் அதோடு கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்துச் சொன்னார்: விழுந்த நொடியே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது. மாமியார் முத்தம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் உயிரோடு இருந்தாள். கிறிஸ்டினா ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் தம்பியின் சிலுவையைத் துடைத்து, மெழுகுவத்தி ஏற்றி, "கஷ்டப்படாம போனியே, அது போதும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பாள். ஜெயராஜ் பின்னால் நின்று தலையாட்டுவார்.

அதுவரைக்கும் அது சின்னப் பொய்தான். பெற்றவளும் வளர்த்தவளும் தூங்கட்டும் என்று சொன்ன பொய். எவ்வளவோ செய்து பார்த்தோம், பிழைக்கவில்லை என்று அவரும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் இளமதி என்ற நர்ஸ்.

பீட்டர் போய் இரண்டு வருஷம் கழித்து, பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் பாதுகாப்பு வாரம் நடத்தினார்கள். சுற்றியுள்ள சின்னக் கம்பெனிகளிலிருந்தும் இரண்டிரண்டு பேரை அனுப்பச் சொன்னார்கள். பிரியாணி உண்டு என்றதால் ஜெயராஜும் போனார். தீக்காயம், கரண்ட் ஷாக் எல்லாம் சொல்லி முடித்த இளமதி, ஐஸ் கம்பெனி ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடும் குளிர்த் தண்ணீரில் விழுவதைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினாள். விழுந்தவனை வெளியே எடுத்ததும் படுக்க வைக்க வேண்டும், உட்காரக்கூட விடக்கூடாது என்றாள். ஈரத்துணியைக் கிழித்து எடுத்துவிட்டு மார்பையும் வயிற்றையும் போர்த்த வேண்டும். கையையும் காலையும் தேய்க்கக் கூடாது. அங்கே தேங்கியிருக்கிற குளிர்ந்த ரத்தம் மொத்தமும் நெஞ்சுக்கு ஏறும், நெஞ்சு தாங்காது.

ஜெயராஜ் எழுந்து, அவன் நன்றாகப் பேசினால் என்று கேட்டார். பேசினாலும் அப்படித்தான் என்றாள். குளிரவில்லை என்று அவனே சொன்னால்?

"அதுதாங்க ரொம்ப மோசம்" என்றாள் இளமதி. "நடுங்குற வரைக்கும் ஒடம்பு போராடுதுன்னு அர்த்தம். நடுக்கம் நின்னுட்டா ஒடம்பு கைய விட்டுடுச்சு. அந்த நேரத்துல அவர எழுப்பி நாலு அடி நடக்க வெச்சீங்கன்னா, நீங்களே கொன்ன மாதிரி."

பிரியாணியைத் தொடாமல் திரும்பி வந்தார். நேரே தொட்டி ஓரத்துக்குப் போய், பீட்டரை இழுத்துப் போட்ட பலகையிலிருந்து சுவர் ஓட்டையைக் கடந்து உலை வரைக்கும் எண்ணிக்கொண்டே நடந்தார். அறுபத்திரண்டு தப்படி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முதலாக ஓட்டையை அடைத்தது.

அன்றிலிருந்து அந்த மனிதர் கூட வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டார். பலகை மேல் ஆள் தனியாகப் போகக் கூடாது. இடுப்பில் கயிறு இல்லாமல் போகக் கூடாது. ஒரு வரிசையைத் தூக்கினால் பக்கத்து மூடியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனையும் நிறுத்திப் பாடம் நடத்துவார். விழுந்ததும் மூச்சு அடங்காமல் இரைக்கும், அப்போது கத்தாதே, வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு முதலில் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவா. கையை உடனே பலகை மேல் போடு. உன் விரல்கள் நாலைந்து நிமிஷம்தான் உன் பேச்சைக் கேட்கும். கடைசியில் வெளியே எடுத்த ஆளைப் படுக்கப் போடு, படுக்கப் போடு என்று தலையில் அடித்துக்கொள்வார். அதனால் அவருக்குப் 'படுக்கப் போடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால் க்ளாஸில் என்பார். அரசப்பன் மட்டும் அந்த நேரத்தில் கிரேன் சங்கிலியைத் துடைக்கப் போய்விடுவான். நாம் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று ஒருமுறை அவன் பேச்செடுத்தபோது ஜெயராஜ் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டார்.

போன ஐப்பசியில் இரண்டு நாளாக விடாத மழை. பட்டப்பகலிலேயே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. லாரியில் ஏற்றிய பாளங்களுக்குத் தார்ப்பாய் கட்ட எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். பார்த்திபன் என்று ஒருவன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவன், ஐந்து நிமிஷ வேலைக்குக் கயிறு எதற்கு என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயோடு பலகை மேல் போயிருக்கிறான். ஆணியில் தொங்கிய கயிற்றைத்தான் ஜெயராஜ் முதலில் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ஓடினார்.

பார்த்திபன் மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். இரண்டு முழங்கையையும் பலகை மேல் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்தை மட்டும் கேட்டிருக்கிறான். ஏற முடியவில்லை, விரல் ஒன்றும் மடங்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்த நாலு பேர் சேர்ந்து அவனைக் கிடந்தவாக்கிலேயே பலகை மேல் இழுத்தார்கள். விழுந்து எத்தனை நேரமாயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இப்ப குளிரலண்ணா" என்றான் பார்த்திபன்.

அதற்குள் ஒருவன் அவன் காலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். மில்காரர்கள் ஆடி மாதம் மறுபடி இடித்துத் திறந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது. உலைக்கு நடத்திக்கொண்டு போகலாம் என்று நாலு குரல் சேர்ந்து எழுந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே தூக்கிவிட்டார்கள். ஜெயராஜ் அந்தக் கைகளைத் தட்டிவிட்டார். தள்ளிப்போ என்று அவரை ஒருவன் தள்ளினான். சொல்லிப் புரிய வைக்க நேரமில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்தவனைத் தன் உடம்போடு அணைத்துப் பலகையோடு அழுத்தி மேலேயே படுத்துக்கொண்டார்.

"நடக்க வெச்சா செத்துடுவான்டா" என்று கத்தினார். "பீட்டரு தண்ணியில சாவல. உசுரோடதான் எடுத்தோம். நானும் அரசப்பனும்தான் நடக்க வெச்சு கொன்னோம். கேட்டுப் பாருங்கடா அவன!"

எல்லாரும் அரசப்பனைப் பார்த்தார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. சாக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தானும் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்திபனின் மறுபக்கம் படுத்தான். ஈரத்துணியைக் கத்தியால் கிழித்தார்கள்; உலர்ந்த சாக்குகளையும் லாரி டிரைவரின் கம்பளியையும் கொண்டுவந்து போர்த்தினார்கள். 108 வர நாற்பது நிமிஷம் ஆனது. அத்தனை நேரமும் ஜெயராஜ் அந்த நெஞ்சின் மேல் காதை வைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு கட்டத்தில் பார்த்திபனுக்கு மறுபடி நடுக்கம் கண்டது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அதைக் கேட்டுத்தான் ஜெயராஜ் அழுதார்.

பார்த்திபன் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று.

பதினோரு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவன் மனைவி கல்பனா தட்டில் பழமும் பூவும், பெரியபாளையத்துக் குங்குமமும் வைத்து எடுத்துக்கொண்டு பெத்திக்குப்பத்துக்கு வந்தாள். புருஷன் எழுந்து நடந்தால் வேப்பிலைகளால் ஆன வேப்பஞ்சேலை கட்டி வருகிறேன் என்று அந்த ஊர்ப் பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். கிறிஸ்டினாவின் காலில் விழப்போனாள். ஜெயராஜ், டீ குடித்துவிட்டுப் போம்மா, மழை வருகிறது என்று அவளை அவசரப்படுத்தினார். நன்றி சொல்ல வந்தவள் எங்கே கேட்பாள்?

"அண்ணன் மேல படுத்துக்கினு எழுந்திரிக்கவே இல்லியாமே அக்கா" என்றாள். "உங்க தம்பிய அப்ப நடத்திக்கினு போனதாலதானே அவரு போனாரு. அந்த மாதிரி இவருக்கும் ஆயிடக்கூடாதுன்னுதான் அண்ணன் அப்படி அழுதாராம். உங்க தம்பி உசுரு போயி என் ஊட்டுக்காரர காப்பாத்திச்சு."

அவள் குரலில் ஒரு துளி விஷமம் இல்லை. வீட்டுக்காரிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துப் பேசினாள். கிறிஸ்டினா தட்டை வாங்கிக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். பார்த்திபன் கைக்கு மருந்து கட்டுகிறார்களா என்று விசாரித்தாள். தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, குங்குமத்தைக் காகிதத்தோடு மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகுதான் புருஷனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நடந்தானா?"

"நடந்தான்."

"எவ்ளோ தூரம்?"

"அறுவத்திரெண்டு தப்படி."

எண்ணி வைத்திருக்கிறாயே என்பதுபோல அவரைப் பார்த்தாள். என்ன பேசினான் என்று கேட்டாள். ஜெயராஜ் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் சொன்னது, நர்ஸ் சொன்னது, சுவரை அடைத்தது, எல்லாம். கடைசியில், அக்காகிட்ட சொல்லாதே என்று பீட்டர் கேட்டதையும், தான் சத்தியம் செய்ததையும் சொன்னார். அவன் வாயால் சொன்ன அந்த வார்த்தைதான் இத்தனை வருஷம் தன் வாயைக் கட்டிப்போட்டது என்றார். சொல்லும்போதே அது பாதிதான் நிஜம் என்று அவருக்குத் தெரிந்தது.

கிறிஸ்டினாவுக்கும் தெரிந்தது. "அவன் சொல்லாதன்னது உழுந்தத" என்றாள். "நீ சொல்லாம வெச்சது நடக்க வெச்சத. ரெண்டும் ஒண்ணாய்யா?"

கொலைகாரன் என்று அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பன்னிரண்டு வருஷமாக எதிர்பார்த்து, அதற்கெல்லாம் ஜெயராஜ் பதிலும் தயாராக வைத்திருந்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்பதுதான் அந்தப் பதில். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

"தெரியாம செஞ்சத மாதாகிட்ட நீயே கேட்டுக்க. நான் கேக்கறது வேற. சாவும்போது என்னைய நெனச்சிக்கினு நடந்திருக்கான் என் தம்பி. அந்த வார்த்த என்னுது. என் ஆத்தா அத்த கேக்காமயே போயி சேந்துது. நீ இத்தினி வருசமா அத்த உங்கிட்டயே வெச்சிக்கினு இருந்திருக்க."

எழுந்து உலை வைக்கப் போனாள். அன்று மத்தியானமும் சோறு போட்டாள், அடுத்த நாளும் போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. ஜெயராஜ் வேலைக்குப் போய்வந்தார். கம்பெனியில் இப்போது யாரும் அவரைக் கேலி செய்வதில்லை, கயிற்றை அவிழ்ப்பதுமில்லை. ஓட்டையை இந்த முறை அரசப்பன் கட்டினான். மில்காரர்கள் இடிக்க வரவில்லை. விஷயம் அந்தப் பக்கமும் போயிருந்தது.

நாலு நாளில் கல்லறைத் திருநாள் வந்தது. கிறிஸ்டினா அவரைக் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பத்தடி பின்னால் நடந்துபோய்க் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் வழக்கம்போல முந்தானையால் சிலுவையைத் துடைத்தாள். பூவை வைத்தாள். மழைக்காற்றில் மெழுகுவத்தி இரண்டு முறை அணைந்து மூன்றாவது முறை பிடித்தது. எப்போதும் சொல்கிற அந்த வார்த்தை எங்கே என்று ஜெயராஜ் காத்திருந்தார். அது வரவில்லை. குனிந்தபடியே, படுத்திருக்கிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் அவள் பேசியது வாசல் வரைக்கும் கேட்டது.

"அவ்ளோ தூரம் நடந்தியாடா தம்பி? அக்காவுக்குத் தெரிஞ்சிபோச்சுடா."

ஜெயராஜ் கையில் கொண்டுவந்த மெழுகுவத்தியை ஏற்றாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.